பூட்டிய சப்பாத்து

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியின் வீட்டு ஜன்னல் கம்பிகளின் நிழல் எலும்புப் படம் போட்ட தடித்த புத்தகத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்கும் குலசேகரம் லீவில் வந்து அதன் முன் உட்கார்ந்திருக்கிறான். மேசைக்கடியில் அவன் கால் ஓயாமல் ஆடுகிறது. மேலே மைக்கூடு நடுங்குகிறது. விடியற்காலைப் பெரட்டில் கூலிகளின் பேர் கூப்பிட்டு முடித்து வந்த அப்பா, கிராணி பஞ்சலிங்கம், வாசலை அடைத்து நிற்கிறார். அவர் விரலில் அலமாரிச் சாவி சுழல்கிறது. மகன் காலையில் ஓடப் போட்டுக்கொள்ளும் கான்வாஸ் சப்பாத்து அதற்குள் இருக்கிறது. ஒரு சோடி சப்பாத்துக்கு இத்தனை காவல்.

“ஓடின நாளிலை இருபது பக்கம் படிச்சனான், அப்பா. நீங்கள் சப்பாத்தைப் பூட்டி ஒன்பது நாள். இந்தப் பக்கத்தை இன்னும் தாண்டேல்லை. மனம் செத்துப்போச்சு.”

“வேர்க்கிறது கூலியளின்ரை வேலை. கிராணியின்ரை மகன் காற்சட்டையோடை ஓடுறதைப் பாத்துப் பெரட்டிலை சனம் சிரிக்குது.”

வேலியோரம் பால்வாளிச் சத்தம் நிற்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் ராக்காயி எட்டிப் பார்க்கிறாள்.

“சின்னய்யாவுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா? ஒம்பது நாளா ஓடக் காணோமே. பெரட்டுல எல்லாரும் கேக்குறாங்க.”

சாவி சுழலவில்லை. குலசேகரம் எழுந்து, புத்தகத்தை அறைந்து மூடி, அப்பாவின் நெஞ்சோடு வைத்து அழுத்துகிறான்.

“இதையும் உள்ளுக்கு வைச்சுப் பூட்டுங்கோ.”

வெறுங்காலோடு படியிறங்கி, செம்மண் ரோட்டில் ஓடுகிறான்.