எலியாஸ் சாரின் பாஸ்வேர்ட்

எங்கள் ஷூ கம்பெனி மேனேஜர் எலியாஸ் சார் அன்று போட்ட சத்தத்தில், ஆம்பூர் பிரியாணிக் கடைகளில் தம் போட்ட மூடியெல்லாம் எகிறியிருக்கும்.

அவர் மெயிலில் பத்திரமாக வைத்திருந்த புது மாடல்களை எதிர்க் கம்பெனி அப்படியே செய்து காட்டி, ஜெர்மன் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

"நீதான் தேவகி! என் கம்ப்யூட்டரைத் தொடுறது நீ ஒருத்திதான். சோறு போட்ட கம்பெனிக்கே துரோகமா? நாளையிலேர்ந்து வராதே!"

ஆபரேட்டர் தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க பாஸ்வேர்ட் இன்னான்னே எனக்குத் தெரியாது சார்."

"அப்படி இன்னா சார் பாஸ்வேர்ட்?" என்றேன் நான்.

"இனிமே மறைச்சு இன்னா? 'ஓபன்டோர்'. புது வருஷ ஆராதனையில எனக்குச் சீட்டுல வந்த பைபிள் வாக்குத்தத்த வசனம், திறந்த வாசல். பொண்டாட்டிக்கே சொல்லலய்யா!"

"நான் உங்க சர்ச்சுக்கு வந்ததே இல்லியே சார்" என்றாள் தேவகி.

நான் போயிருந்தேன். "வீட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்த வருஷம் இந்த வசனம்தான் பூட்டு" என்று சர்ச்சில் எல்லார் முன்னாலும் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் சாட்சி சொன்னாரே! அதை நினைவுபடுத்தினேன்.

சார் நாற்காலியில் சரிந்தார். "கூரை அதிர ஆமென் சொன்னானே, என் மச்சான் நெல்வின்..."

நெல்வின்தான் எதிர்க் கம்பெனி மேனேஜர்.