கடைசியா வந்தவர் கழுவணும்

"அண்ணே, ஒரே ஒரு உதவி. நாளைக்கு அவர் ஓட வர்றார். அந்த டம்ளர் கழுவுற வேலையை மட்டும் அவர் தலையில கட்டிடாதீங்க."

போனில் இப்படிக் கெஞ்சியவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி. மறுமுனையில் பிளம்பர். மைதானத்தில் தினமும் காலையில் ஓடும் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர் மாதிரி.

"ஏம்மா, என்ன விஷயம்?"

"ஆபரேஷன் ஆன முட்டி அண்ணே. மெதுவா ஓடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா குத்துக்கால் வச்சு மட்டும் உட்காரவே கூடாதாம். அங்க குழாய் கணுக்கால் உயரத்துல இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"சரிம்மா. நான் பாத்துக்கறேன்."

அந்தக் கோஷ்டியில் ஒரு சட்டம் உண்டு. ஓடி முடித்ததும் பிளாஸ்கிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் டீ. யார் கடைசியாக வந்தாரோ அவர் எல்லார் டம்ளரையும் கழுவ வேண்டும். தலைவலி, இருமல், எந்தச் சாக்கும் செல்லாது.

சட்டத்தைப் போட்டதே கண்ணாடிக் கடைக்காரர்தான். போடமாட்டாரா பின்னே? அப்போதெல்லாம் அவர்தானே முதலில் வருவார்! 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர் வேறு. ஒரு டம்ளரைக்கூட அலசிய கை இல்லை அது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் ஓட்டத்தில் கால் பிசகியது. முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி, எக்ஸ்பிரஸ் ஷெட்டில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை மனைவி. சாப்பாடு கைக்கு வந்தது. தண்ணீர் கைக்கு வந்தது. தன் தட்டைக் கழுவப் போனால்கூட "நீங்க உட்காருங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மனிதர் முதலில் பேச்சைக் குறைத்தார். அப்புறம் சிரிப்பு போயிற்று. கடையிலும் வாடிக்கையாளருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, நல்லா இருக்கா என்று கேட்கக்கூட மறந்து நின்றார். இந்த ஓட்டமும் கைநழுவிப் போனால் அப்படியே முடங்கிவிடுவாரோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

மறுநாள் அவளும் கூடவே வந்து மைதானத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

பிளம்பர் வந்தார். விரலெல்லாம் சிமென்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. விடிவதற்குள் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்திருக்கிறார்.

"என்ன எக்ஸ்பிரஸ், வந்தாச்சா? வா, வா."

அவ்வளவுதான். கால் எப்படி இருக்கிறது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

ஓட்டம் தொடங்கியது. பல் டாக்டர் போனார், தையல்காரர் போனார். மூச்சு வாங்கிக்கொண்டே ஓடும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாகூட, "வழி, வழி!" என்று சொல்லிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். வாழ்நாளில் முதல் முறையாக எக்ஸ்பிரஸை முந்திய சந்தோஷம் அந்த அம்மாவின் முதுகிலேயே தெரிந்தது.

இவர் மட்டும் தனியாக. ஒவ்வொரு முறையும் காலை யோசித்து யோசித்து ஊன்றினார். பெஞ்சில் இருந்தவள் முன்னால் போனவர்களை முறைத்தாள்.

'ஒருத்தராவது கூட ஓடினா என்ன, குறைஞ்சா போயிடுவாங்க?'

அவர் வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் டீயே குடித்து முடித்திருந்தார்கள்.

"கடைசி! கடைசி!" என்று ஒரே கூச்சல். பல் டாக்டர் விசில் அடித்தார்.

அவருக்கும் டீ கொடுத்தார்கள். குடித்து முடித்ததும், எல்லா டம்ளரையும் ஒரு தட்டில் அடுக்கி அவர் முன்னால் நீட்டியது யார் தெரியுமா? பிளம்பரேதான்.

"எக்ஸ்பிரஸ், சட்டம்னா சட்டம்."

அவர் தட்டை வாங்கிக்கொண்டு, லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து, சாமான் அறைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று பிளம்பரிடம் வந்தாள்.

"ஏண்ணே, உங்ககிட்ட என்ன சொன்னேன்? பாத்துக்கறேன்னு வாக்குக் குடுத்தீங்களே!"

"ஆமாம்மா. பாத்துக்கறேன்னுதான் சொன்னேன்."

"நல்லா பாத்துக்கிட்டீங்க! கீழ உட்கார முடியாத மனுஷன்கிட்ட தட்டை நீட்டுறீங்களே, மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாம்? உங்களைப் போய்ப் பெரிய மனுஷன்னு நம்பினேனே, என்னைச் சொல்லணும்."

பிளம்பர் விரலில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு அவள் குழாயடிக்கு ஓடினாள்.

சாமான் அறை மூலையில் திரும்பும்போதே ஒரு பாட்டு காதில் விழுந்தது. ராகமும் இல்லை, தாளமும் இல்லை. அவருடைய முனகல்தான். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"ஏங்க, விடுங்க. குடுங்க இப்படி. நான் கழுவித் தர்றேன்."

அவர் திரும்பவே இல்லை. நுரையும் கையுமாக ஒரு டம்ளரைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"நீ எதுக்கு? ஓடிக் கடைசியா வந்தவன் நான். நான்தான் கழுவணும். போ, போய் உட்காரு."

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் உட்காரவில்லை. குனியக்கூட இல்லை. நிமிர்ந்து நின்றபடி கழுவிக்கொண்டிருந்தார்.

நேற்றுவரை கணுக்கால் உயரத்தில் இருந்த குழாய், புதுப் பைப்போடு அவருடைய இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. அடியில் பூசிய சிமென்ட்டில் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.