மும்பையில் ஒற்றை அறை

இப்போதெல்லாம் குடிபோகிற வீட்டைக்கூட ஜனங்கள் செல்போனிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி, சம்பந்தம் மகன் ஜெகதீஷின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். திரையில் ஒரு தரகர், ஜெகதீஷ் வேலை மாற்றலாகிப் போகும் மும்பையில் ஓர் ஒற்றை அறையைச் சுற்றிக் காட்டுகிறார். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். "என் கட்டில எங்கடா போடுவே?" ஜெகதீஷ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஊட்ட வாடகைக்கு உட்டாத்தான் நைனா அங்க கட்டுப்படியாவும். புது பஸ் ஸ்டாண்டால நம்ம குத்தம்பாக்கத்துல வாடகை ஏறிகினே கீது. நீ மொட்டமாடி தகர ஷெட்டுல இருந்துக்க, ஃபேன் போட்டுத் தரேன்." "ஃபேனு ஓடுனா தகரம் சுடாதா?" சமையலறையில் மருமகளின் கரண்டிச் சத்தம் நின்றுபோகிறது. "ரெண்டே வருசம் நைனா." "உங்கம்மாவ ஆஸ்பத்திரில சேக்கும்போதும் ரெண்டே நாளுன்னுதான் சொன்னே" என்றபடி, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறார்.