விழுந்தவர் கேக் கொண்டுவரவும்

"இன்னிக்கும் விழுந்துட்டாளா?"

குதிரையேற்றத் திடலின் தடுப்புப் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார் ஹென்னிங். உள்ளே, அவர் மகள் வீப்கே மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் மட்டக்குதிரை தேமே என்று நின்றது.

"கேக்! கேக்!" குதிரைகள் மேலிருந்த பிள்ளைகள் கத்தினார்கள்.

அந்தப் பக்கத்துக் குதிரைப் பள்ளிகளில் அது வழக்கம்; வாசலிலேயே எழுதி மாட்டியிருக்கும். விழுந்தவர் அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது. விழுந்தவர் கைதான் மாவைப் பிசைய வேண்டும்.

"வீப்கே, இந்தத் தடவை செர்ரி போட்டுக் கொண்டா! ஆப்பிள் அலுத்துப்போச்சு!"

வீப்கேக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பேசாம ஒரு பேக்கரி வச்சிடு ஹென்னிங்" என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பா.

ஹென்னிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் மனைவியும் பிரிந்த பிறகு வீப்கே அம்மாவோடு இருந்தாள். சனிக்கிழமை காலையில் கூட்டிவந்து, வகுப்பு முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவது மட்டுமே அவர் பங்கு. அம்மா குடியிருந்த சின்ன வீட்டில் ஓவன் இல்லை. அதனால் கேக் என்றால், வெள்ளிக்கிழமை மாலையே பெட்டியோடு அப்பா வீட்டில் வந்து இறங்கிவிடுவாள். மாவை இறைத்து, முட்டையைக் கொட்டி, ராத்திரி அங்கேயே தூங்கி, காலையில் கேக்கோடு காரில் ஏறுவாள்.

சமையலறையைத் துடைப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆனால் என்றைக்காவது கழுத்து முறிந்தால்?

வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரிடம் போனார்.

"கெசீனா, இவளுக்கு இந்தப் பாய்ச்சல் வகுப்பு ஒத்துவரல. எதையாவது முறிச்சுக்கிறதுக்குள்ள கீழ் வகுப்புக்கு மாத்திடுங்க."

"இவ மாதிரி அழகா உட்கார்ற பிள்ளை இந்த வகுப்புல இல்லீங்க."

"அழகா உட்கார்றவ எதுக்கு வாரா வாரம் மண்ணைக் கவ்வுறா?"

கெசீனா வாயைத் திறந்தார். வீப்கேயைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பதில் சொல்லத் தெரியல. சொல்லித்தர மட்டும் தெரியுமாக்கும்!"

மற்றப் பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். கெசீனாவின் முகம் சிவந்துபோனது.

வீப்கே அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்ப்பா. இனிமே கொஞ்சமா விழறேன்ப்பா."

"நீ சும்மா இரு."

அடுத்த வாரமே கயிற்று வகுப்பு. பால்பல் விழாத வாண்டுகளின் வகுப்பு அது. ஒவ்வொரு குதிரையையும் ஒரு பெரியவர் கயிற்றில் பிடித்து நடத்துவார். விழுவதற்கு வழியே கிடையாது. கால் இரண்டும் நீளமாகத் தொங்க, வீப்கே நடுவில் சுற்றிவந்தாள்.

"அக்கா, உனக்கும் பயமா?" என்றது ஒரு பொடிசு.

வீப்கே கால்களை மேலே மடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஹென்னிங் போன் செய்தார். "இனிமே கேக் வேலையே இல்ல குட்டி. நிம்மதியா அம்மாகிட்டயே இரு. காலைல வந்து கூட்டிக்கிறேன்."

"சரிப்பா."

இலையுதிர் காலம் முடிவதற்குள் அவளே போன் செய்தாள். "எனக்குக் குதிரை போதும்ப்பா. நீ சனிக்கிழமை வர வேண்டாம்."

அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் ஹென்னிங் குதிரைப் பள்ளிக்கு வந்தார். கெசீனா சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. அவளுக்குப் பயம் விட்டுப்போகல போல. நின்னுட்டா."

"பயமா? அவளுக்கா?" கெசீனா துணியைக் கீழே வைத்தார். "ஓடுற குதிரையிலேருந்து அவ ஒரு தடவைகூட விழுந்ததில்லீங்க. குதிரை நின்னதும் மெதுவா வழுக்கி இறங்கிப் படுத்துக்குவா."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு முன்னாடியே என் கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருந்தா. விழுந்தாத்தானே வெள்ளிக்கிழமை உங்க வீட்ல தங்க முடியும்."

ஹென்னிங் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"வந்து சேர்ந்த அன்னிக்கு எல்லாப் பிள்ளைங்களும் குதிரையோட பேரைத்தான் கேக்கும். இவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் கெசீனா. "எந்த வகுப்புல சேர்ந்தா அடிக்கடி விழலாம்?"