காலை ஏச்சு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே இருந்த சரக்குக் கந்தோரில் விதுசாவுக்கு அன்று வேலையில் முதல் நாள். மனேச்சரின் அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

"எருமை! ஆரைக் கேட்டுக் கதிரையில இருந்தனி? எழும்படா!"

"ஆருக்கு இந்த ஏச்சு?" என்றாள் விதுசா.

"றிஸ்கானுக்கு. காலையில ஏச்சு வாங்காம அவர் வேலை தொடங்கமாட்டார். பழகிப்போகும் புள்ள," என்றாள் பக்கத்து மேசை றம்லா, தலை நிமிராமல்.

விதுசாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

சுவரில் மனேச்சரின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் ஆளில்லாமல் கிடந்த கதிரைக்கு முன்னால் றிஸ்கான் கைகட்டித் தனியே நின்றார்.

"எருமை!" என்று அவர் வாயே அதட்டியது. பிறகு மெல்லிய குரலில், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" என்றது.

அவர் விதுசாவிடம் கெஞ்சினார்: "கதவைச் சாத்துங்கோ தங்கச்சி. சேர் இன்னும் ஏசி முடிக்கேல்ல."