சவக்கிடங்கு வரவு

“பிணத்தை வைக்க வாங்குற வாடகை வரவை இரட்டிப்பாக்கி வெச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷங்கதானா?”

துணைச் செயலர் அம்மா கோப்பை மேசையில் வீசினார். எதிரே நின்ற கண்காணிப்பாளர் இமைக்கக்கூட இல்லை. சுகாதார அமைச்சகத்தின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும்.

“சவக்கிடங்குக் கட்டணம் மேடம். வரவுல வருது.”

“வருதுன்னு தெரியுது. ஒரே வருஷத்துல எப்படிய்யா இரட்டிப்பாகும்?”

“செலவுப் பக்கத்தைப் பாருங்க மேடம். ஆம்புலன்ஸ் ரிப்பேருக்குப் பூஜ்யம். வண்டி ஓடாது. நோயாளிங்க நேரத்துக்கு வந்து சேர மாட்டாங்க. அங்க செலவு மிச்சம், இங்க வரவு அதிகம். கணக்கு உதைக்காது.”

துணைச் செயலருக்கு உச்சந்தலை வரை சுட்டது. எத்தனையோ கல்லுளிமங்கன்களை மேய்த்திருக்கிறார்; இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

“ரெண்டு மாசம் லீவுல சுகமா இருந்துட்டு வந்து, ஊரார் உசிரை வெச்சுக் கூட்டல் கழித்தல் போடுறீங்களா? ஆம்புலன்ஸ் பணத்தை முதல்ல சேருங்க!”

“எதுலேருந்து எடுக்கிறது மேடம்?”

“எதுலேருந்தாவது எடுங்க!”

“அமைச்சர் அறைக்குப் புது சோபா, திரைச்சீலைன்னு ஒரு தொகை கிடக்கு. ஆனா அதுல கை வெச்சா…”

“வைங்க! அவர் பழைய சோபாவுல உட்கார்ந்தா குடி ஒண்ணும் முழுகிடாது. நான் பதில் சொல்லிக்கிறேன். போய்த் திருத்தி டைப் அடிச்சு எடுத்துட்டு வாங்க.”

கண்காணிப்பாளர் நகரவில்லை. கோப்பின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

“அடிச்சே வெச்சிருக்கேன் மேடம்.”

தாளில் சோபா இல்லை. ஆம்புலன்ஸ் இருந்தது. சவக்கிடங்கு வரவு பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது.

துணைச் செயலர் தாளையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் அடங்கவில்லை. ஆனாலும் அழுத்தமாகக் கையெழுத்தைப் போட்டார்.

“இதுதான் சரின்னு தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்கய்யா அந்தக் கண்றாவியை முதல்ல நீட்டினீங்க?”

“மூணு வருஷமா ஆம்புலன்ஸுக்குப் பணம் வேணும்னு எழுதினேன் மேடம். கேட்டா வெட்டுறதுதான் இங்க வழக்கம். படிக்காமலே வெட்டினீங்க. இந்த வருஷம் வேண்டாம்னு எழுதினேன். படிச்சீங்க.”

தாளை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர், திரும்பாமலே நின்றார்.

“எனக்கு இந்தப் புத்தி போன வருஷமே வந்திருந்தா, என் சம்சாரத்தைக் காய்கறி வண்டியில ஏத்தியிருக்க மாட்டேன் மேடம்.”