சிவப்புத் தொப்பிக்காரரின் ஐந்து நிமிடம்

அக்டோபர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. கொரியாவின் சொராக் மலையில் இறங்குவோர், ஏறுவோரிடம் உச்சி அருகில்தான் என்று பொய்யுரைப்பதை ஓய்வுபெற்ற ஆசிரியர் நம்குங் வன்மையாகக் கண்டிக்கிறார்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு முறையேனும் உச்சியைத் தொட்டுவிடும் துடிப்பில், அவர் மலையேற்றக் குழுவினரை முந்தி நடந்தார். சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் எதிரே இறங்கிப் போனார்.

"வந்துட்டீங்க பெரியவரே, அஞ்சே நிமிஷம்!"

நெடுநேரம் கழித்து, அதே தொப்பிக்காரர் மேலிருந்து மறுபடியும் இறங்கி வந்தார். "அஞ்சே நிமிஷம்!"

"இதைத்தானேய்யா கீழயும் சொன்னீரு?"

"கீழயா? இப்பத்தானே இறங்கவே ஆரம்பிச்சேன்."

"வாத்தியாருக்கே காது குத்துறாரு பாருங்க!" என்று பின்னால் வந்த தோழி ஓக்பூன் சிரித்தார்.

உச்சிக்கல்லைத் தழுவிக்கொண்டு அனைவரும் ஆர்ப்பரித்தனர். அதற்கு மேலே வானம் மட்டுமே இருந்தது. அங்கிருந்து காலடி ஓசை இறங்கி வந்தது. சிவப்புத் தொப்பி தெரிந்தது.

"வந்துட்டீங்க பெரியவரே, அஞ்சே நிமிஷம்!"

எங்கே போய்ச் சேர்வதற்கு என்று, வாசகரே, நீங்களே அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.